ஒரு சுவருக்கு இரண்டு ரோஸ்

ரோஸ் கலர் அறை என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவில் எழுவது அநேகமாக ஒரே நிறம்தான். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகில் பொடி ஒட்டும் டிஸ்டெம்பர் சுவர், தரையோரம் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை, பச்சை எனாமல் அடித்த கதவு, உத்தரத்துக்குக் கீழே டியூப் லைட். இவ்வளவும் சேர்ந்த ஒரு படம் ரோஸ் என்ற பெயரில் மனத்தில் கிடக்கிறது. ஆனால் அந்தச் சுவர்கள் எல்லாம் ஒரே ரோஸாக இருந்திருக்க வழியே இல்லை. கல்யாண மண்டபத்து மணமகள் அறை, திண்ணையை அடைத்துக் கட்டிய டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறை, வாடகை வீடுகளின் நடு அறை என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆள் வெவ்வேறு வாளியில் கலக்கிய நிறம். அத்தனையையும் நினைவு ஒன்றாக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இது என் மண்டைக்கு மட்டும் வாய்த்த குணம் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், சற்றுமுன் பார்த்த நிறத்தை நினைவிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னபோது, மக்கள் அந்த நிறக் குடும்பத்தின் எடுப்பான மாதிரியை நோக்கியே நகர்ந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1960இல், பார்ட்லெசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புல், வானம், செங்கல் போன்ற பழகிய பொருள்களின் நிறத்தை மனிதர்கள் இருப்பதைவிட அழுத்தமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டியிருந்தார். அப்படி அழுத்தம் ஏறிப்போன ஒரு ரோஸைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் இன்று பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்து, பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற இரண்டு ரோஸ்களில் எதை எடுப்பது என்று திணறுகிறோம்.

திணறலுக்குக் காரணம் நிறங்கள் நெருக்கமாக இருப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குப் படுவது வேறு. கேள்வியே கோணலாகக் கேட்கப்படுகிறது. ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிற இரண்டு நிறங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. ஒவ்வொன்றையும் தனியாக அறையோடு ஒப்பிட வேண்டும். கேட்பதற்கு இது விதண்டாவாதமாக இருக்கும். தேர்வு என்றாலே இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதானே என்பார்கள். புடவைக்கும் வெண்டைக்காய்க்கும் அது சரி. சுவருக்கு ஏன் சரிவராது என்பதற்குப் பழைய சுவர்களிலிருந்தே தொடங்கலாம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு தேர்வே கிடையாது, இல்லாததற்கு வலுவான காரணமும் இருந்தது.

சுண்ணாம்பு கடுமையான காரம். நீற்றிய சுண்ணாம்பு நீரின் பிஹெச் மதிப்பு 12ஐத் தாண்டும். பூக்களிலிருந்தும் மரப்பட்டைகளிலிருந்தும் எடுத்த சாயங்களும், பிற்காலத்துக் கரிமச் சாயங்களில் பலவும் அந்தக் காரத்தில் நிலைக்காமல் வெளுத்துவிடும், அல்லது வேறு நிறமாக மாறிவிடும். தாக்குப்பிடிப்பவற்றில் முக்கியமானவை மண்ணிலிருந்து வரும் இரும்பு ஆக்ஸைடுகள்: காவி, மஞ்சள் காவி, அவற்றின் சேர்க்கைகள். ஆகவே சுண்ணாம்புச் சுவரில் ரோஸ் வேண்டும் என்றால் வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் காவிப் பொடி. வேறு வழி இல்லை. அந்த ரோஸ் எப்போதும் சற்றே செங்கல் பக்கம் சாய்ந்தே இருக்கும். பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிக்க வந்தவர் கலக்கிய வாளியில் நிறம் எவ்வளவு என்பதை அவர் கைதான் அறியும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும்; நிறம் இருண்டு காட்டும். காய்ந்தபின் வெளுத்து வேறு ஆளாகிவிடும். இரண்டாவது வாளி முதல் வாளியோடு பொருந்தாமல் போனால் அதற்காக யாரும் சண்டை பிடித்ததில்லை. ஜெய்ப்பூர் நகரமே இதற்குச் சாட்சி. 1876இல் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டின் வருகையையொட்டி மகாராஜா இரண்டாம் சவாய் ராம்சிங் ஊர் முழுக்க ரோஸ் பூசச் சொன்னார் என்பது பரவலாகத் தெரிந்த வரலாறு. அதுவும் காவிக் குடும்பத்து ரோஸ்தான். அந்த ஊரின் கடைவீதிகளில் ஒரு சுவரின் ரோஸ் அடுத்த சுவரோடு அச்சாகப் பொருந்துவதில்லை. ஆனாலும் முழு ஊரும் ஒரே நிறமாகத்தான் மனத்தில் பதிகிறது.

பிறகு டிஸ்டெம்பர், எமல்ஷன் என்று வரிசையாக வந்தன. எமல்ஷனில் சுண்ணாம்பின் காரம் இல்லை. அதனால் எந்தச் சாயத்தையும் கலக்கலாம் என்ற நிலை உருவானது. 1958இல் டூபாண்ட் நிறுவனம் குயினாக்ரிடோன் என்ற நிறமிக் குடும்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீலம் கலந்த, பளிச்சென்ற மெஜன்டா சிவப்பு. வெயிலுக்கும் ஓரளவு தாங்கும். இதையும் இதன் உறவுகளையும் வெள்ளையில் கலந்தால் கிடைக்கிற ரோஸ் சுண்ணாம்புக் காலத்தில் எந்தச் சுவரிலும் சாத்தியப்படாத ரோஸ். 1990களில் கடைகளுக்கு டின்டிங் மெஷின் வந்து, ஸ்டெய்னர் பாட்டிலை வாளியில் கவிழ்த்துக் குத்துமதிப்பாகக் கலக்கும் வேலை ஒழிந்தது. எண் சொன்னால் சொட்டுக் கணக்கில் சாயம் விழும். ஷேட் கார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். இன்றைக்கு ஒருவர் இரண்டு ரோஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு வம்சங்களுக்கு நடுவில்தான். ஒன்று இரும்பு ஆக்ஸைடு சேர்ந்து மண் பக்கம் சாய்ந்தது. மற்றது மெஜன்டா சேர்ந்து நீலப் பக்கம் சாய்ந்தது. வெளிர்மை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். சாய்மானம் மட்டும் வேறு.

இப்போது கார்டில் நடப்பதைப் பார்ப்போம். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவின் இயக்குநராக இருந்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீலத் துணிக்கும் ஊதாத் துணிக்கும் நிழல் காட்டப் பயன்படும் கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை, சாயத்தில் குறை இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து வைத்த இரண்டு நிறங்கள் தம் வேறுபாட்டைக் கண்ணில் மிகைப்படுத்திக் காட்டும் என்ற அந்தக் கண்டுபிடிப்பை அவர் 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். ஷேட் கார்டின் இரண்டு ரோஸ்களுக்கும் இதே கதைதான். பக்கத்தில் மெஜன்டா ரோஸ் இருப்பதால் காவி ரோஸ் இன்னும் மஞ்சளித்துப் பழுப்பேறித் தெரியும். காவி ரோஸ் இருப்பதால் மெஜன்டா ரோஸ் இன்னும் சுத்தமாக, இன்னும் குளிர்ச்சியாகத் தெரியும். ஒன்று மங்கல், மற்றது பளிச். பளிச்சைத் தேர்ந்தெடுக்காமல் இருக்க மிகுந்த மனவுறுதி வேண்டும். கூடவே கார்டின் வெள்ளைக் காகித ஓரம் வேறு. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்த எந்த மங்கல் நிறமும் அழுக்காகத் தோன்றும். தலைக்குள் ஏற்கெனவே எடுப்பான ஒரு ரோஸை நினைவு உட்கார வைத்திருப்பதையும் சேர்த்தால், கடை மேசையில் இந்தப் போட்டி தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. வீட்டுச் சுவரிலோ அந்த இன்னொரு ரோஸ் ஒருபோதும் வரப்போவதில்லை. எந்தப் போட்டியாளரை வென்று இது தேர்வானதோ, அவர் அறைக்குள் காலடி எடுத்து வைக்கப்போவதே இல்லை. அவர் இல்லாத இடத்தில் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு?

இதற்கு உடனே வரும் மறுப்பு, வீடுகளில் அதிகம் கேட்கும் மறுப்பு: ரெண்டும் ஒண்ணுதானே, எதை அடித்தால் என்ன? பொறுமையிழந்த கணவர்களும், வேலை முடிந்தால் போதும் என்கிற மேஸ்திரிகளும் சொல்வது. இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். நினைவு இரண்டையும் ரோஸ் என்ற ஒரே பெட்டியில் போட்டுவிடும் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் கார்டில் சிறிதாக இருக்கும் வேறுபாடு சுவரில் சிறிதாகவே இருக்கும் என்பது தவறு. நான்கு சுவர்களுக்கு நடுவே வெளிச்சம் ஒருமுறை பட்டுக் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கும், அங்கிருந்து மூலைக்கும் பட்டுப் பட்டுத்தான் வருகிறது. படும் ஒவ்வொரு முறையும் சுவர் தன் நிறத்தை அதில் ஏற்றுகிறது. கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு ரோஸ்களும் சிவப்பு ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பி அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். பச்சை ஒளியில் ஒன்று 62, மற்றது 58. ஒருமுறை பட்ட வெளிச்சத்தில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம் முறையே 1.29, 1.38. கண் பெரிதாகப் பொருட்படுத்தாது. மூன்று முறை பட்டபின் அதே விகிதம் 2.15, 2.62 ஆகிறது. பேச்சுக்குக்கூட ஒன்று என்று இனிச் சொல்ல முடியாது. கார்டில் மெல்லியதாக இருந்த ரோஸ் அறை முழுக்க அடித்ததும் இவ்வளவு அழுத்தமா என்று பலர் திகைப்பதற்குக் காரணம் இதுதான். பெயிண்ட் கம்பெனிக்காரன் ஏமாற்றுவதில்லை. ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் கார்டுக்கு ஓரளவு நெருக்கமாக நிற்கும். நான்கு சுவருக்கும் அடித்தால் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். சாய்மானமும் அப்படியே பெருகும்.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. பெருகினால் பெருகட்டும், கண் பழகிவிடாதா? பழகும். ரோஸ் அறைக்குள் சில நிமிடம் இருந்தால் வெளிச்சத்தில் ஏறிய சிவப்பைக் கண் கழித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே காட்டத் தொடங்கும். நிறப் பழக்கம் என்ற இந்த ஏற்பாடு மட்டும் இல்லை என்றால் மாலை வெயிலில் நாம் யாரையும் அடையாளம் கண்டுகொண்டிருக்க மாட்டோம். ஆனால் பழகிய கண்ணால் சுவரின் நிறத்தை மட்டும் தனியே கழிக்க முடியாது. அறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துகிறது. தரைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, கதவுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி அப்படியே நிற்கின்றன. இதனால் என் வாதத்துக்கு நட்டம் இல்லை, பலமே கூடுகிறது. குடியிருப்பவருக்கு நாள்தோறும் மிஞ்சுவது சுவரின் தனி நிறம் கிடையாது. சுவர் தன் அக்கம்பக்கத்தோடு கொள்ளும் உறவுதான். எனவே பார்க்க வேண்டியதும் அந்த உறவைத்தான்.

அக்கம்பக்கத்தில் முதல் ஆள் தரை. சுவரை விட்டால் அறையிலேயே பெரிய ஒற்றை நிறப் பரப்பு பெரும்பாலும் அதுதான், எளிதில் மாற்ற முடியாததும் அதுதான். பழைய வீடுகளின் ரெட் ஆக்ஸைடு தரையை எடுத்துக்கொள்வோம். சிமெண்டில் கலந்த இரும்பு ஆக்ஸைடு, காவி ரோஸின் ரத்த உறவு. இரண்டும் சேர்ந்தால் சுவர் தரையின் வெளுத்த நீட்சியாக நிற்கும். எங்கே தரை முடிந்து சுவர் தொடங்குகிறது என்ற உறுத்தல் இருக்காது. என் நினைவில் ஒரே நிறமாகத் தங்கிப்போன அந்த அறைகளின் அமைதிக்குப் பாதிக் காரணம் இந்தத் தரைதான் என்று இப்போது தோன்றுகிறது. அதே தரைமேல் மெஜன்டா ரோஸை அடித்தால் ஷெவ்ரல் சொன்னது நடக்கும். தரையின் செங்கல் சிவப்பு சுவரை நீலத்தின் பக்கம் தள்ளும், சுவர் தரையை ஆரஞ்சின் பக்கம் தள்ளும். கார்டில் குழந்தை கன்னம்போல இருந்த நிறம் அங்கே மருந்து மாத்திரையின் நிறமாகிவிடும். இதை வைத்து எப்போதும் காவி ரோஸே சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் அது பழமைப் பற்று, வாதம் ஆகாது. இன்றைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வெள்ளையோ சாம்பலோ ஆன விட்ரிஃபைட் டைல்ஸ். அந்தப் பளபளக்கும் குளிர்ந்த வெள்ளைக்குமேல் காவி ரோஸ் நிஜமாகவே சோர்ந்து போகும்; பல வருடம் அடிக்காமல் விட்ட சுவர்போலத் தோன்றும். அங்கே சற்றே நீலம் சாய்ந்த ரோஸ் தெளிவாக நிற்கும். கடப்பாக்கல் போட்ட அறை வேறு வகை: கறுப்புத் தரை எந்தச் சுவரையும் இன்னும் வெளுப்பாகக் காட்டும், அதனால் கார்டில் ஒரு கட்டம் அழுத்தமான ரோஸைக்கூட அது தாங்கிக்கொள்ளும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்டவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர்கள் தரையே எல்லாவற்றையும் பேசிவிடும், சுவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடுத்தது கதவு. பச்சை எனாமல் கதவு எந்த ரோஸையும் இன்னும் ரோஸாக்கும், ஏனென்றால் இரண்டும் நிற வட்டத்தில் எதிரெதிர். தேக்குக்கு வார்னிஷ் அடித்த கதவு மஞ்சளும் பழுப்பும் கலந்தது. காவி ரோஸோடு இழைந்து போகும், மெஜன்டா ரோஸுக்குப் பக்கத்தில் இன்னும் மஞ்சளாகத் தெரியும்.

வெளிச்சத்துக்கு வருவோம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். பெயிண்ட் தேர்வு பற்றிய ஆலோசனைகள் பல இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. வடக்கு பார்த்த அறைக்குள் வெயில் வராது, ஒளி நீலமாக இருக்கும், எனவே சூடான ரோஸைத் தேர்ந்தெடுங்கள் என்பது அவற்றின் நிரந்தரப் பாடம். லண்டனுக்கு அது பொருந்தும். சென்னை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது; கன்னியாகுமரியில் அந்தக் காலம் இன்னும் நீளம். அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவர் சுடுவதை இங்கே வீடு கட்டியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக, திசையை வைத்து ரோஸைத் தேர்வது நம் ஊரில் பாதிதான் உதவும். ஜன்னலுக்கு வெளியே இருப்பது அதைவிட முக்கியம். வேப்பமரம் இருந்தால் வரும் ஒளியில் பச்சை இருக்கும், அது எந்த ரோஸின் சிவப்பையும் கொஞ்சம் தின்றுவிடும். எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் பட்டு வரும் வெயில் மெஜன்டா ரோஸைக் கூடக் காவிப் பக்கம் இழுத்துவிடும். அதற்கும் மேலே, நம் வீட்டு அறைகள் அதிகம் பயன்படுவது விளக்குப் போட்டபின்தான். பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2700 கெல்வின் மஞ்சள் ஒளி. நாம் வழக்கமாக வாங்கும் டியூப் லைட்டும் வெள்ளை எல்இடியும் 6500 கெல்வின் அளவில் நீலம் சாய்ந்தவை. குண்டு பல்பில் இரண்டு ரோஸ்களும் பழுத்த கொய்யாவின் உட்பக்கத்தை நோக்கி நெருங்கி வரும். வெள்ளை எல்இடியில் விலகி ஓடும்: ஒன்று சாம்பலாக, மற்றது இளம் ஊதாவாக. வெவ்வேறு நிறமிகளைக் கலந்து செய்த இரண்டு பூச்சுகள் ஓர் ஒளியில் அச்சாக ஒன்றுபோல இருந்துவிட்டு, இன்னோர் ஒளியில் பிரிந்து நிற்பதும் உண்டு. ஜவுளிக்கடை வாசலுக்குத் துணியை எடுத்துப்போய்ப் பார்க்கும் நம் அம்மாக்களுக்கு இந்த அறிவியல் அதன் பெயர் தெரியாமலே தெரியும். எல்இடி பெட்டியில், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ எண் 80 என்று போட்டிருப்பதும் ரோஸ் விஷயத்தில் பெரிய உத்தரவாதம் கிடையாது. அந்த எண் எட்டு மென்மையான நிற மாதிரிகளின் சராசரி. கடுஞ்சிவப்பு அந்தக் கணக்கிலேயே சேராது, மலிவான எல்இடி கோட்டைவிடுவதும் சரியாக அங்கேதான். ரோஸோ முழுக்கச் சிவப்பை நம்பி வாழ்கிற நிறம்.

நிறத்துக்கென்று ஒரு மனநிலை உண்டு, இரண்டில் எது மனத்துக்கு அமைதி தரும் என்று பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறைக்கதை. அலெக்சாண்டர் ஷாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குறிப்பிட்ட ரோஸைப் பார்த்தால் உடல்வலுவும் ஆத்திரமும் குறைகின்றன என்று நம்பினார். 1979இல் சியாட்டிலில் இருந்த கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு அது பூசப்பட்டது. அந்தச் சிறையின் பொறுப்பாளர்கள் பேக்கர், மில்லர் இருவரின் பெயரால் பேக்கர்–மில்லர் பிங்க் என்றே அது அழைக்கப்பட்டது. செய்முறை மிக எளிது: ஒரு கேலன் வெள்ளை உட்சுவர் பெயிண்டில் ஒரு பைண்ட் சிவப்பு. கைதிகள் அடங்கிப்போனார்கள் என்று முதலில் செய்தி வந்தது, வேறு பல சிறைகளும் பின்பற்றின. பிறகு கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகளில் அந்த விளைவு நிற்கவில்லை. 2015இல் சுவிட்சர்லாந்துச் சிறையொன்றில் ரோஸ் அறைக் கைதிகளையும் சாதாரண அறைக் கைதிகளையும் ஒப்பிட்ட ஆய்விலும் ஆவேசத்தில் வேறுபாடு தென்படவில்லை. ஒரு முழு ரோஸுக்கே கட்டுப்படாத மனம், இரண்டு ரோஸ்களுக்கு நடுவே உள்ள மயிரிழைக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்க்க எந்த ஆதாரமும் இல்லை. அறையில் அமைதி இருந்தால் அதற்கு வெளிச்சம், காற்று, பக்கத்து அறையில் ஓடும் டி.வி. என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு.

ரசனை அவரவர் விருப்பம், மகளின் அறை, மகளுக்குப் பளிச்சென்ற ரோஸ்தான் பிடிக்கிறது, உங்கள் தரையும் கதவும் யாருக்கு வேண்டும் என்றும் கேட்கலாம். நியாயம். பிடித்ததை அடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவளுக்குப் பிடித்தது எது என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். அவள் கை வைத்தது சுண்டுவிரல் அகலக் கட்டத்தின்மேல், மங்கலான ஒன்றுக்குப் பக்கத்தில். அந்த இன்பத்தையே நான்கு சுவரிலும் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றால், கணக்குப் போட்டுக் காட்டியதுபோல வெளிச்சம் பெருக்கிவிடும் என்பதால், கார்டில் அவள் காட்டியதைவிட ஒரு கட்டம் அடக்கமானதைத்தான் வாங்க வேண்டும். அப்போதுதான் அவள் விரும்பியது சுவரில் வந்து சேரும். ஐந்து வருடத்தில் மறுபடி அடிக்கத்தானே போகிறோம் என்பது இன்னொரு சமாதானம். அடிக்கலாம், ஆனால் அழுத்தமான மெஜன்டா ரோஸ்மேல் வெளிர் நிறம் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கோட்டில் அது மறையாது. நடுவே பிரைமர் கேட்கும்.

ஒப்பிடாமல் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்றால், செய்முறை கஷ்டமானது கிடையாது. இரண்டு ரோஸிலும் சின்ன டப்பா வாங்கி, தனித்தனிப் பெரிய சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் வெளுத்திருக்கும், காய்ந்தபின் ஒரு சாயல் கூடும். சுண்ணாம்புக்கு நேர் எதிர். அட்டையை நடுவில் மடித்து அறையின் மூலையில், இரண்டு சுவரிலும் படும்படி, தரையைத் தொட்டு ஒட்ட வேண்டும். மடிப்புக்குள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு பக்கங்களும் வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும், கார்டில் கிடைக்காத செய்தி அங்கே கிடைக்கும். ஒரு நாள் முழுக்க ஒன்று மட்டும். காலையில், உச்சி வெயிலில், விளக்குப் போட்டபின் என்று பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் அதைக் கழற்றிக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு மற்றது. இரண்டு அட்டையும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கவே கூடாது. இது அழகா அது அழகா என்று கேட்க வேண்டாம். இதற்குப் பக்கத்தில் தரை எப்படி இருக்கிறது, கதவு எப்படி இருக்கிறது, கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும். முகம் முக்கியம், சுவரிலிருந்து எழும் ஒளி அதன்மேல்தான் விழுகிறது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவே நிறத்தை நினைவு கலைத்துவிடும் என்று நான்தானே சொன்னேன் என்று மடக்கலாம். கலைக்கட்டும். தரை கெட்டுப்போனதா, முகம் வெளிறியதா என்ற தீர்ப்பை நினைவு கலைப்பதில்லை, அதை ஒரு சீட்டில் எழுதியும் வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு வந்தால் அப்போதுதான் ரெண்டும் ஒண்ணுதானே என்பவர் சொல்வது சரி. விலை குறைந்ததை வாங்கலாம், அல்லது வெயில் நேராக விழும் சுவர் என்றால் காவிப் பக்கம் சாய்ந்ததை வாங்கலாம். இரும்பு ஆக்ஸைடு வெளுப்பதில்லை. கரிமச் சாயங்கள் வெள்ளையில் மிகக் கொஞ்சமாகக் கலக்கும்போது வெயிலுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும். பின்னால் ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைத்து டச்சப் செய்தால் அந்த இடம் மட்டும் பொட்டு வைத்ததுபோலத் துருத்தும்.

கடைசி ஆட்சேபம் பெயிண்டரிடமிருந்து வரும்: ரெண்டு நாள் சும்மா நின்றால் கூலி யார் தருவார்? அவர் சும்மா நிற்கத் தேவையில்லை. பட்டி பார்த்து, சாண்ட் பேப்பர் தேய்த்து, பிரைமர் அடித்துக் காய அவருக்கே சில நாள் ஆகிறது. சுவர் பிரைமரின் வெள்ளையோடு நிற்கும் நேரம்தான் அட்டையை ஒட்டிப் பார்க்க ஏற்ற நேரம். பழைய நிறத்தின் தலையீடு அப்போது இருக்காது. வெள்ளை எந்த மங்கலையும் கொஞ்சம் அழுக்காகக் காட்டும் என்றாலும், நாம் கேட்பது தரையையும் கதவையும் முகத்தையும் பற்றித்தான். அவர் மேல்தளச் சீலிங்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே வேலை முடிந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். கதவுக்கு எனாமலா வார்னிஷா, எனாமல் என்றால் என்ன நிறம் என்று இன்னும் தீர்மானிக்காதவர்கள் அதைத் தீர்மானித்துவிட்டு, முடிந்தால் கதவை அடித்தே முடித்துவிட்டு, பிறகு ரோஸுக்கு வருவது நல்லது.